இடது காலுக்கு ஒரு வேலை

மோட்டார் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுகிறவருடைய இடது கால் என்ன செய்கிறது என்று நேயர்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? சென்னையிலும் மதுரையிலும் அதற்குக் கை நிறைய, இல்லை, கால் நிறைய வேலை இருக்கிறது. கிளட்சை மிதிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடியும் மிதிக்க வேண்டும். பாரிமுனையில் கிளம்பித் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு நெசவாளியின் கால் கூட அவ்வளவு பாடு பட்டிராது. அமெரிக்காவிலோ இடது காலுக்கு வெகு காலத்துக்கு முன்பே பென்ஷன் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். 1939-இல், அடுத்த வருஷத்து மாடலான ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் 'ஹைட்ராமாடிக்' என்னும் பெட்டி வந்தது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும்; கிளட்ச் பெடல் என்பதே கிடையாது. அன்று ஆரம்பித்த சௌகரியம் இன்று அந்தத் தேசம் முழுவதும் பரவி, கியர் போட்டு ஓட்டும் புது வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது. அத்தகைய தேசத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டோமாடிக் வண்டி ஒன்றை நான் கியர் வண்டியாக மாற்றினேன். அதன் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது சீக்கிரத்தில் தெரிந்துவிடும்.

வண்டி என்னுடையதல்ல, என் மனைவியினுடையது. பிட்ஸ்பர்க் நகரில் ஆஸ்பத்திரி நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 2004-ஆம் வருஷம் அவள் வாங்கிய முதல் பொருள் அது. 1990-ஆம் வருஷத்து வால்வோ 240. ஸ்வீடன் தேசத்தார் 1974 முதல் 1993 வரையில் இந்த ஜாதி வண்டிகளை இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். அழகு என்று ஒன்றும் கிடையாது. அம்மிக்கல்லுக்கு நாலு சக்கரம் வைத்தது போல் இருக்கும். ஆனால் அம்மிக்கல்லைப் போலவே உழைக்கும். பனியிலும் உப்பிலும் பன்னிரண்டு வருஷம் அவளை வேலைக்குக் கொண்டு போய்க் கொண்டு வந்தது. பதிவுப் பத்திரத்தில் அவள் பெயர் ஒன்றுதான் இருந்தது. இந்த விவரத்தை நான் போதிய அளவு மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

2016-ஆம் வருஷம் கோடையில் ஒரு நாள் அவள், "ஷெட்டில் தரையிலே ஏதோ சிவப்பாகச் சொட்டியிருக்கிறதே?" என்று கேட்டாள். குங்குமம் கரைத்துத் தெளித்தாற்போல் நாலைந்து துளி. ஆட்டோமாடிக் கியர் பெட்டியின் எண்ணெய் சிவப்பு நிறம். அது சூடேறாமல் இருப்பதற்காக ஒரு குழாய் வழியாக முன்பக்கத்து ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பி வருகிறது. அந்தக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர். ரப்பர் பழையதாகி வெடித்திருந்தது. பத்து டாலர் கூட விலை பெறாத சாமான். "பார்க்கலாம்" என்றேன். வாரா வாரம் பார்க்கலாம் என்றேன். பெட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று ஒரு குச்சியை இழுத்துப் பார்த்தால் தெரியும். அந்தக் குச்சியை நான் ஒரு தடவையாவது தொடவில்லை.

அக்டோபர் மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இரவு வேலை பாதியில் முடிந்து அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். பிட்ஸ்பர்க் முழுவதும் மேடும் பள்ளமுமான ஊர். ஒரு மேட்டின் பாதியில் இன்ஜின் 'ஓ'வென்று கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை, பின்னால் சரிகிறது. கை பிரேக்கைப் போட்டுவிட்டு, விளக்குகளை மினுக்க விட்டுக்கொண்டு, மழைத் தூறலில் தெரு ஓரமாக ஒண்டியாக நின்றிருந்தாள். நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்போதுதான் அந்தக் குச்சியை இழுத்துப் பார்த்தேன். நுனியில் கொஞ்சம் கறுப்பு, கருகின வாடை. அவள் கேட்டாள்: "அந்தச் சிவப்புத் துளிதானே?" நான் பேசாமல் இருந்தேன்.

இங்கே அந்தப் பெட்டியின் சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இரண்டு மின்சார விசிறிகளை எதிரும் புதிருமாக வையுங்கள். ஒன்றை ஓட விட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெய், அவ்வளவுதான். இன்ஜின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது. எண்ணெய் மற்றொன்றைச் சுற்றி வைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகையால் வண்டி நின்றாலும் இன்ஜின் நிற்பதில்லை. ஃபாட்டிங்கர் என்னும் ஜெர்மானியர் 1905-இல் கப்பல்களுக்காக இந்த யுக்திக்கு உரிமை பெற்றார். இதற்குப் பின்னால், சூரியனைச் சுற்றும் கிரகங்களைப் போல் ஒன்றையொன்று சுற்றும் பல் சக்கரங்களும், அவற்றைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய தட்டுகளும் இருக்கின்றன. அந்தத் தட்டுகளை இறுக்குவதும் எண்ணெயின் அழுத்தமே. எண்ணெய் குறைந்தால் பிடி தளரும், தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் எரியும். அந்த வால்வோவில் இருந்த பெட்டி நீண்ட ஆயுளுக்குப் பெயர் போனது. அதையே கொல்லுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இனி என்ன செய்வது? பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்கலாம்; அதற்குக் கேட்ட கூலியில் அதே மாதிரி இன்னொரு பழைய வண்டி வாங்கலாம். அல்லது, உடைந்த வண்டிகளைக் குவித்து வைத்து விற்கிற இடத்திலிருந்து இன்னொரு பழைய ஆட்டோமாடிக் பெட்டியை வாங்கிப் பொருத்தலாம். இரண்டு நாள் வேலை, முந்நூறு டாலர். புத்தியுள்ளவன் இதைத்தான் செய்வான். அப்படி ஒரு பெட்டி நாற்பது மைலில் இருக்கவும் இருந்தது. என் மைத்துனன் விசாரித்துச் சொன்னான்.

ஆனால் எனக்குள்ளே வேறொரு ஆசை எழும்பிவிட்டது. நான் வண்டி ஓட்டப் பழகியது திருச்சியில், மாமாவின் பழைய அம்பாஸடரில். ஸ்டியரிங் கம்பத்திலேயே கியர் தடி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குத் தடியைத் தள்ளும்போது ஒரு கணம் கை வெறுமையாகி, உடனே பல் சக்கரம் 'டக்' என்று பிடிக்கும் அந்த ருசியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் இருபது வருஷமாக நான் வண்டி ஓட்டவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டிருந்தேன் என்பது என் அபிப்பிராயம். இதே வால்வோவைக் கியர் பெட்டியுடனும் செய்திருக்கிறார்கள்; அச்சு, சட்டம் எல்லாம் ஒன்றே; மாற்றிவிடலாம் என்று படித்திருந்தேன். மனைவியிடம் போய், "பழைய ஆட்டோமாடிக் பெட்டி எங்கும் அகப்படவில்லை. கியர் பெட்டிதான் கிடைக்கும் போலிருக்கிறது" என்றேன்.

"எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாதே?" என்றாள்.

"அதென்ன பிரமாதம்? நான் சொல்லிக் கொடுக்கிறேன்."

அவள் அமெரிக்காவுக்கு வந்துதான் வண்டி ஓட்டப் பழகினாள். ஆட்டோமாடிக்கைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. இங்கிலாந்திலாவது ஆட்டோமாடிக்கில் பரீட்சை கொடுத்தவர்களுக்கு அந்த ஜாதி வண்டியை மட்டும் ஓட்டத்தான் லைசென்ஸ் தருவார்கள். அமெரிக்காவில் அந்தப் பேதம் இல்லாததால் சட்டம் அவளைத் தடுக்கவில்லை. என் பேச்சை நம்பினாள்.

கியர் பெட்டி கிடைத்தால் மட்டும் போதாது என்பது பிறகுதான் விளங்கிற்று. 1989-க்குப் பிந்திய இந்த வண்டிகளில் இன்ஜினுக்கு ஒரு சிறு மூளை இருக்கிறது. பொறி எப்போது விழ வேண்டும் என்பதை அது ஃப்ளைவீலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அந்தச் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகத் துளைகள். ஓரிடத்தில் மட்டும் துளை விட்டுப் போயிருக்கும். ஜபமாலையில் மேரு மணி வந்ததும் ஒரு சுற்று முடிந்தது என்று விரல் அறிவது போல, அந்த இடைவெளி வந்ததும் மூளை அறிந்துகொள்ளும். அதற்கு முந்திய வருஷங்களில் செய்த ஃப்ளைவீலில் துளை கிடையாது. போட்டால் இன்ஜின் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாகும். ஆகவே பிந்திய வருஷத்துக் கியர் வண்டி ஒன்று எங்காவது மோதி உடைந்திருக்க வேண்டுமென்று நான் காத்திருந்தேன். பிறர் விபத்துக்காகக் காத்திருப்பது நல்ல மனுஷன் செய்கிற காரியமல்ல. ஜனவரி மாதம் நூற்றைம்பது மைலுக்கு அப்பால் 1991-ஆம் வருஷத்து வண்டி ஒன்று முன்பக்கம் நசுங்கிய நிலையில் கிடைத்தது. அறுநூறு டாலர்.

அந்த மூன்று மாதமும் என் மனைவி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். பனி பெய்யும் விடியற்காலையில் பஸ் வரும் இடத்தில் நின்றாள். என் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னது வாஸ்தவம். என் வேலை நேரமும் அவள் வேலை நேரமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதால் வாரத்தில் இரண்டு நாள்தான் அது முடிந்தது.

மைத்துனன் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தன். ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் என்னை விட நிதானம் உள்ளவன். உடைந்த வண்டியிலிருந்து கியர் பெட்டி, அதன் முன்னாலுள்ள மணி போன்ற உறை, ஃப்ளைவீல், பெடல் கூட்டம், கிளட்ச் கேபிள், கியர் தடி, பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் அச்சுக்குப் போகும் தண்டின் முன் பாதி ஆகிய எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தோம். கிளட்ச் தட்டையும் அதை அழுத்தும் தட்டையும் புதிதாக வாங்கினோம். வேகமானி பின் அச்சிலிருந்தே செய்தி பெறுகிறபடியால் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. இந்த உத்தியோகத்தில் எனக்குச் சுலபமாயிருந்த விஷயம் அது ஒன்றுதான்.

பிப்ரவரிக் குளிரில் வண்டியை நாலு முக்காலிகள் மேல் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் படுத்தோம். பழைய பெட்டியை இறக்கும்போது, உள்ளே தங்கியிருந்த எண்ணெய் என் முழங்கை வழியாகச் சட்டைக்குள் பாய்ந்தது. நாலு மாதத்துக்கு முன் அதில் எண்ணெயே இல்லையே என்று ஏங்கினேன். மிச்சமிருந்த அத்தனையும் எனக்காகக் காத்திருந்திருக்கிறது. ஆட்டோமாடிக் வண்டியின் கிராங்க் தண்டு முனையில் ஒரு சின்ன பேரிங் இருக்காது. கியர் பெட்டியின் மூக்கு அதில்தான் உட்கார வேண்டும். அதை மறந்து பொருத்தியவர்கள் பலர் உண்டு என்று தெரிந்து, முதல் வேலையாக அதை அடித்து இறக்கினோம். பெடல் வைப்பதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே தலையும் ஆசனத்தின் மேல் காலுமாக நான் அரை நாள் சிரசாசனம் செய்தேன். அகலமான பழைய பிரேக் பெடல் போய், இரண்டு சிறு பெடல்கள் வந்தன. அவற்றைக் கையால் அமுக்கிப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது.

இந்தச் சந்தோஷத்தில்தான் தப்புச் செய்தேன். ஃப்ளைவீலை எட்டு போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எட்டும் சமதூரத்தில் இருப்பதால் அதை எட்டு விதமாகவும் மாட்டலாம், மாட்டிக்கொள்ளும். சரியானது ஒன்றே. துளை விட்டுப்போன இடம் முதல் பிஸ்டனுக்கு ஏற்ற கோணத்தில் நிற்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்து, பழைய தட்டு எப்படி நின்றதென்று கிராங்க் தண்டின் மீது சாக்கட்டியால் குறியும் போட்டேன். பிறகு அங்கே எண்ணெய் இருக்கிறதே என்று துணியால் சுத்தமாகத் துடைத்தேன். குறியையும் சேர்த்துத் துடைத்தேன்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுழன்றது, இருமிற்று, தீபாவளி வெடி போல் 'டமார்' என்று ஒரு சப்தம். அவ்வளவுதான். பத்துத் தடவை திருப்பினேன். பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொல்லிற்று. காரணம் புரிந்தபோது வயிற்றைக் கலக்கியது. கியர் பெட்டி, தண்டு, கிளட்ச் அத்தனையையும் மறுபடியும் இறக்க வேண்டும்.

மைத்துனன் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். "அத்தான், அன்றைக்கே நான் சொன்ன அந்த ஆட்டோமாடிக் பெட்டியை வாங்கியிருந்தால், தீபாவளிக்கே அக்கா வண்டி ஓட்டியிருப்பாளே!" என்றான்.

ஷெட்டின் உள்கதவருகே என் மனைவி இரண்டு டம்ளர் காப்பியுடன் நின்றிருந்தாள்.

காப்பியை அலமாரி மேல் வைத்தாள். உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். மூன்று நாள் வரை, சாதம் ஆகிவிட்டது, தபால் வந்திருக்கிறது என்பவற்றைத் தவிர வேறு வார்த்தை இல்லை. நாலாம் நாள் அவளே பேசினாள். "பனியிலே பஸ்ஸுக்காக நின்றபோதெல்லாம் வண்டிக்காக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஆசைக்காக நின்றேன் என்று தெரிந்திருந்தால் கூட நின்றிருப்பேனோ என்னவோ. நீங்கள் கேட்கவில்லையே!"

"எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி ஆட்டோமாடிக் பெட்டியே வைத்துவிடுகிறேன்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

"வேண்டாம். இன்னும் ஒரு மாதம் நான் பஸ்ஸில் போக முடியாது. ஆரம்பித்ததை முடித்துவிடுங்கள். ஆனால் எனக்கு நீங்கள் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். தம்பி சொல்லிக் கொடுப்பான்."

அந்த வார முடிவில் எல்லாவற்றையும் இறக்கினோம். இந்தத் தடவை சாக்கட்டியை நம்பவில்லை. இன்ஜினின் முன்பக்கத்துக் குறியைக் கொண்டு முதல் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஃப்ளைவீலைத் திருப்பித் திருப்பிச் சரியாக வைத்து, புது போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினோம். சாவியைத் திருப்பியதும் வண்டி, ஒன்றுமே நடவாதது போல், கிளம்பிற்று.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆட்டோமாடிக் வண்டியில் ஒரு பந்தோபஸ்து உண்டு. தடி 'பார்க்'கிலோ நியூட்ரலிலோ இருந்தால் ஒழியச் சாவி திருப்பினாலும் இன்ஜின் கிளம்பாது. பெட்டியை எடுத்தபோது அந்தப் பந்தோபஸ்தும் போய்விட்டது. இரண்டு கம்பிகளை முறுக்கி ஒட்டிவிட்டேன். அப்படிச் செய்தால் எந்தக் கியரிலும் வண்டி கிளம்பிவிடும். இதை அவளிடம் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன், மறந்தேன். முதல் கியரில் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் அவள் வந்து உட்கார்ந்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினாள். அம்மிக்கல் ஒரு துள்ளுத் துள்ளிக் குப்பைத் தொட்டியை வீதியில் உருட்டிவிட்டது. தொட்டிக்குப் பதில் அங்கே ஒரு குழந்தை நின்றிருந்தால்? அதை நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை. மறு நாளே கிளட்ச் பெடலில் ஒரு ஸ்விட்ச் வைத்து, அதை முழுவதும் மிதித்தாலன்றி இன்ஜின் கிளம்பாதபடி செய்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "சொல்லாமல் வைத்திருப்பது இன்னும் ஏதாவது இருக்கிறதா?"

இல்லை என்றேன். யோசித்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும் வேளையில், ஒரு பெரிய கடையின் முன்னுள்ள வெற்று மைதானத்தில் தம்பியும் அக்காளும் பழகினார்கள். எனக்கு அங்கே பிரவேசம் இல்லை. வண்டி எத்தனை தடவை நின்று போயிற்று, கிளட்ச் என்ன வாடை அடித்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி வந்து சிரித்துப் பேசிக்கொள்வது மட்டும் காதில் விழும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். முந்நூறு டாலரிலும் இரண்டு நாளிலும் முடிந்திருக்க வேண்டிய காரியம், ஆயிரத்து நூறு டாலரும் ஐந்து மாதமும் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகிறது. அந்தக் கணக்கில் முதல் திரும்பி வர வேண்டுமானால் நானும் வண்டியும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இந்தியாவிலோ காரியம் தலைகீழாக நடக்கிறது. 2014 முதல் மாருதியின் ஸெலேரியோ போன்ற சிறு வண்டிகளில், சாதாரணக் கியர் பெட்டியையே வைத்து, கிளட்சை மிதிக்கவும் தடியைத் தள்ளவும் ஒரு யந்திரக் கையைப் பொருத்தி விற்கிறார்கள். எங்கள் ஊர் டிரைவர்கள் அனுபவித்த சுகத்தை யந்திரம் அனுபவிக்கிறது.

2017-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பென் ஹில்ஸிலுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டோம். 1970-களில் நம்மவர்கள் கட்டிய கோயில் அது. பெருமாளுக்கு மேடு இல்லாமல் முடியுமா? அங்கேயும் குன்றுதான். அவள் ஓட்டினாள், தம்பி பக்கத்தில், நான் பின் ஆசனத்தில். மேட்டின் நடுவில் வண்டி வரிசை நின்றுவிட்டது. முன்னால் ஒரு பெரிய வண்டி; பின்னால், இரண்டு முழ தூரத்தில், இன்னும் நம்பர் கூட மாட்டாத பளபளவென்ற புது வண்டி. ஒரு சாண் பின்னால் சரிந்தாலும் ஆபத்து. என் இடது கால், எதிரே பெடல் இல்லாமலே, தரையை அழுத்தியது. "கை பிரேக்..." என்று ஆரம்பித்தேன். முன் கண்ணாடியில் அவள் கண்கள் என்னைப் பார்த்தன. நிறுத்திக்கொண்டேன்.

வரிசை நகர்ந்தது. கை பிரேக் மேலே இருந்தபடியே இருந்தது. இன்ஜின் சப்தம் ஒரு கணம் தாழ்ந்து, வண்டியின் மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது கை பிரேக்கை மெதுவாக இறக்கினாள். ஓர் அங்குலம் கூடப் பின்னால் சரியாமல், எங்கள் அம்மிக்கல் மேலே ஏறிற்று.

புது வண்டிக்காரர்கள் பூஜை போடும் இடத்தில் அவளும் கொண்டு போய் நிறுத்தினாள். "இது பழைய வண்டி போலிருக்கிறதே?" என்றார் அர்ச்சகர். "எனக்குப் புதிது, மாமா" என்றாள் அவள். சக்கரங்களுக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவள் முதல் கியரைப் போட்டு நசுக்கினாள்.

திரும்பும்போது நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வெடித்துப் போன அந்த ஒரு சாண் ரப்பர் குழாய், ஷெட்டுச் சுவரில், அவள் அடித்த ஆணியில் இன்னும் தொங்குகிறது.